டயல் வைத்த பனிச்சறுக்குச் சப்பாத்து: சந்தேகங்களும் விளக்கங்களும்

பெப்ரவரி விளையாட்டு விடுமுறை நெருங்கும்போது சுவிஸில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஒரு பட்டியல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஏறிவிடும். பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு முகாமுக்குப் பிள்ளை கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியல் அது. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாவற்றையும் ஒன்றுவிட்ட அண்ணன்மாரிடம் வாங்கிச் சமாளிக்கலாம். சப்பாத்தை மட்டும் அப்படிச் சமாளிக்க முடியாது. தாய்தகப்பன் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் சப்பாத்தைப் பற்றியவைதான்.

2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து கடை அலுமாரிகளில் புதுவிதச் சப்பாத்து ஒன்று நிற்கிறது. பாதத்தின் மேல் பக்கிள்கள் இருந்த இடத்தில் ஒரு வட்ட டயலும், அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பியும். பிள்ளைகளுக்கு வாங்கப் போன பெரியவர்கள் தங்களுக்கும் ஒன்று பார்க்கலாமோ என்று யோசிக்கிறார்கள், கூடவே பயப்படுகிறார்கள். நான் பொறியியலாளனும் அல்ல, சப்பாத்துக் கடைக்காரனும் அல்ல. நாற்பது வயதுக்குப் பிறகு சறுக்கப் பழகி, கால்விரல் நகம் இரண்டைப் பறிகொடுத்தவன். அந்தத் தகுதியில் அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

டயலைத் திருகினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

மலைச்சரிவில் சறுக்கும் சப்பாத்துக்கு வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடு. உள்ளே மெத்தை போன்ற உறை. அதைக் கடையில் லைனர் என்பார்கள். பாதத்தின் மேல் ஓட்டின் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்கும். வழமையான சப்பாத்தில் நான்கு பக்கிள்கள்: பாதத்தின் மேல் இரண்டு, கணைக்காலில் இரண்டு. அதற்கும் மேலே ஒரு அகலப் பட்டி. ஒவ்வொரு பக்கிளும் தான் நிற்கும் இடத்தில் மட்டும் மடலைப் பிடித்து இழுக்கும்.

டயல் வைத்த சப்பாத்தில் கீழே இருந்த இரண்டு பக்கிள்களும் இல்லை. நைலான் பூசிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பி ஒன்று இரு மடல்களிலும் இருக்கும் வழிகாட்டிகள் ஊடாகக் குறுக்கும் மறுக்குமாக ஓடி, டயலுக்குள் இருக்கும் சிறிய உருளையில் சுற்றிக்கொள்கிறது. முன்பக்கம் திருகினால் இறுகும். பற்சக்கரம் 'டிக் டிக்' என்று பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் திருகினால் ஒவ்வொரு பல்லாகத் தளரும். டயலை வெளியே இழுத்துவிட்டால் இழுவை முழுவதும் விட்டுவிடும்.

ஊரில் கயிற்றுக் கட்டில் இழுத்துக் கட்டியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. கால்மாட்டில் கயிற்றை இழுத்தால் நடுவில் தொய்ந்து கிடந்த பின்னலும் சேர்ந்து நிமிரும். அதேபோல ஒரே கம்பி எல்லா வழிகாட்டிகளையும் சேர்த்து இழுப்பதால் மடல் சமமாக மூடுகிறது. பக்கிளுக்கு நேர் கீழே ஒரு இடத்தில் மட்டும் குத்திக்கொண்டிருந்த வலி பலருக்குக் குறைவது இதனால்தான்.

குறையும் அதே கம்பியில்தான் இருக்கிறது. விரல் பக்கத்தை லேசாக விட்டு, மேற்பாதத்தை மட்டும் இறுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பக்கிளில் அது முடியும். ஒரே கம்பி ஓடும் சப்பாத்தில் முடியாது. கட்டிலின் தலைமாட்டை மட்டும் தனியாக இறுக்க முடியாதது போல. இன்னொன்று, பக்கிளில் "இரண்டாவது பல், மூன்றாவது பல்" என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். டயலில் எண் இல்லை. காலையில் எவ்வளவு இறுக்கினோம் என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும்.

கணைக்காலில் என்ன இருக்கிறது?

முதலில் வந்த சப்பாத்துகளில் மேலே இரண்டு பக்கிள்கள் அப்படியே இருந்தன. இப்போது மேலேயும் ஒரு டயல் வைத்த இரட்டை டயல் சப்பாத்துகள் வந்துவிட்டன. எனக்கு மேலே பக்கிள்தான் பிடிக்கிறது. கதிரைத் தூக்கியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு தட்டுத் தட்டித் திறந்துவிடலாம். இது என் சோம்பல் சார்ந்த தீர்ப்பு. நீங்கள் உங்கள் கையால் திருகிப் பார்த்து முடிவெடுங்கள்.

நடுமலையில் கம்பி அறுந்துபோனால் கதி என்ன?

எல்லாருக்கும் முதலில் வரும் பயம் இது. பயப்படுவதில் தவறில்லை; ஆனால் பயம் அளவுக்கு மீறியிருக்கிறது.

அறுந்தால் பாதத்தின் மேல் இறுக்கம் போய்விடும். சப்பாத்து காலை விட்டுக் கழன்று விழாது. பிளாஸ்டிக் ஓடு ஓடாகவே இருக்கும். கணைக்காலில் பக்கிள்களும் பட்டியும் பிடித்துக்கொண்டிருக்கும். பலகையைத் திருப்பும்போது பாதம் உள்ளே அசையும், சொன்னபடி கேட்காது. அந்த நிலையில் வேகமாக இறங்கக் கூடாது. எளிதான வழியாக மெதுவாக இறங்கலாம், அல்லது தூக்கியிலேயே திரும்பி வரலாம். பையில் நீளமான ரப்பர்ப் பட்டி ஒன்று இருந்தால் பாதத்தைச் சுற்றி இழுத்துக் கட்டலாம். பக்கிள் உடைந்தவர்களும் இதைத்தான் செய்துவந்தார்கள். ஆம், பக்கிளும் உடையும். கார் நிறுத்துமிடத்தில் பனிக்கடியில் விழுந்து கிடக்கும் பக்கிள்களை வசந்தகாலத்தில் பொறுக்கலாம்.

கம்பிக்கு உண்மையான எதிரி இரண்டு. ஒன்று, சறுக்குப் பலகையின் ஓரத்தில் ஓடும் உருக்குவிளிம்பு, அது கத்தி. மற்றது, வழிகாட்டியில் உரசி உரசி நைலான் பூச்சு தேய்வது. பருவம் தொடங்குமுன் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய இழை ஒன்று முள்போலக் குத்தினால் அந்தக் கம்பி அறுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள். உதிரிப்பாகம் இருக்கும் கடையில் சில நிமிட வேலை அது. டயலுக்கும் கம்பிக்கும், அவை பொருத்தப்பட்டிருக்கும் சப்பாத்தின் ஆயுள்வரை தயாரிப்பாளர் உத்தரவாதம் தருகிறார். ஆனால் உத்தரவாதச் சீட்டு மலை உச்சிக்கு வராது. தொலைவான இடத்துக்குப் போகிறவர்கள் உதிரிக் கம்பி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விழும்போது பலகை கழன்று விடுமா? டயல் அதைத் தடுக்காதா?

தடுக்காது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. விழும்போது பலகையைக் கழற்றிவிடுவது பலகையில் இருக்கும் பைண்டிங். அது சப்பாத்தின் அடியில் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் விளிம்பைத்தான் பிடிக்கிறது. எவ்வளவு விசையில் அது விட வேண்டும் என்பது நிறை, உயரம், வயது, சறுக்கும் விதம், சப்பாத்து அடியின் நீளம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மேலே பக்கிளா, டயலா, நாடாவா என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆனால் ஒன்றைப் பலர் மறக்கிறார்கள். சப்பாத்து மாறினால் அடியின் நீளம் மாறலாம். அடியின் வகையும் மாறலாம். சில சப்பாத்துகளுக்குப் பழைய தட்டையான அடி, சிலவற்றுக்கு நடப்பதற்கு வசதியாக வளைந்த ரப்பர் அடி. இரண்டாவதை எல்லாப் பழைய பைண்டிங்கும் ஏற்காது. ஆகவே புதுச் சப்பாத்து வாங்கினால் பலகையையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பைண்டிங்கைச் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்த பலகையில் ஒட்டும் சுவிஸ் விபத்துத் தடுப்பு நிலையத்தின் பரிசோதனை ஒட்டி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: இதற்குத்தான். ஆண்டுக்கு ஒரு தடவை செய்யச் சொல்கிறார்கள். சப்பாத்து மாறிய ஆண்டில் கட்டாயம் செய்யுங்கள்.

முழங்கால் காயம் குறையும் என்று கடையில் ஒரு பொடியன் சொன்னாரே?

அவர் விற்கத் தெரிந்தவர். தோல் சப்பாத்துக் காலத்தில் கணுக்கால்தான் அதிகம் முறிந்தது. பிளாஸ்டிக் ஓடு கணுக்காலைக் காப்பாற்றியது. முறுக்கு மேலே ஏறி முழங்காலின் தசைநார்களைத் தேடிப் போனது. ஓட்டை எதனால் மூடுகிறோம் என்பது இந்த விதியை மாற்றாது.

இது புதுக் கண்டுபிடிப்பா?

பாதி புதிது. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

முன்பு தோல் சப்பாத்தும் இரட்டை நாடாவும்தான். குளிரில் விறைத்த விரலால் நாடா கட்டி முடிப்பதற்குள் காலை வெயில் போய்விடும். 1955இல் சுவிஸ்காரரான ஹான்ஸ் மார்ட்டின், ஹெங்கே நிறுவனத்துக்காக நாடாவுக்குப் பதில் நெம்புகோல் போன்ற பக்கிளைக் கொண்டுவந்தார். 1960களில் அமெரிக்கரான பாப் லாங் பிளாஸ்டிக் ஓட்டைச் சந்தைக்குக் கொண்டுவர, ஓடும் பக்கிளும் ஜோடி சேர்ந்தன. இன்று நாம் வழமை என்று சொல்வது அந்த ஜோடியைத்தான்.

1980களில் ஒரு புரட்சி வந்துபோனது. பின்பக்கம் கதவுபோலத் திறக்கும் சப்பாத்து; கால் நேராக உள்ளே போகும். பிரான்சின் சலோமோன் போன்ற நிறுவனங்கள் அவற்றை ஏராளமாக விற்றன. அந்தச் சப்பாத்துகள் பலவற்றுக்குள்ளே பாதத்தின் மேல் கம்பி ஓடியது. வெளியே அதை இறுக்கும் திருகும் இருந்தது. எனவே "கம்பியும் திருகும்" என்பது உங்கள் வயதான சுவிஸ் அயலவருக்குப் புதிதல்ல. கேட்டுப் பாருங்கள், நிலவறையில் இன்னும் ஒரு சோடி வைத்திருப்பார். போடவும் கழற்றவும் அவை சுகம். ஆனால் கம்பி ஓட்டை இழுக்கவில்லை. உள்ளே ஒரு தகட்டை அழுத்தி, அந்தத் தகடு காலை அழுத்தியது. கால் ஓட்டுக்குள் மிதந்தது. வேகமாகச் சறுக்குகிறவர்கள் மீண்டும் பக்கிளுக்கே திரும்பினார்கள். 1990களில் பின்கதவுச் சப்பாத்து அலுமாரியை விட்டு மறைந்தது.

இப்போதைய டயலின் தகப்பன் கேரி ஹாமர்ஸ்லாக் என்ற அமெரிக்கர். இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மருத்துவக் கருவிகளில் வேலை செய்தவர். மெல்லிய கம்பியின் குணம் அவருக்குத் தெரியும். கொலராடோ மாநிலத்தில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற பனிமலை ஊரில் குடியேறி, 2001இல் போவா என்ற பெயரில் இதைச் சந்தைக்கு விட்டார். இரையைச் சுற்றி இறுக்கும் பாம்பின் பெயர். முதலில் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்குகிறவர்களின் மென்மையான சப்பாத்தில் வந்தது. பிறகு சைக்கிள் சப்பாத்து, கோல்ஃப் சப்பாத்து, முறிந்த காலுக்குப் போடும் கட்டு என்று பரவியது.

கடினமான மலைச்சறுக்குச் சப்பாத்துக்கு வர மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. மென்தோலை இழுப்பது ஒன்று; தடித்த பிளாஸ்டிக் மடலை, அதுவும் குளிரில் விறைத்ததை இழுத்து வைத்திருப்பது வேறு. பெரிய டயலும் பலமான கம்பியும் தேவைப்பட்டன. மடலின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. 2023-24 பருவத்தில் அடாமிக், சலோமோன், ஃபிஷர், கே2 என்ற நான்கு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் வெளியிட்டன. மற்றவை பின்தொடர்ந்தன. பழைய பின்கதவுச் சப்பாத்தோடு வேறுபாடு இதுதான்: இப்போது கம்பி ஓட்டையே மூடுகிறது.

போவா நிறுவனம் தன் சோதனைக்கூட அளவீடுகளைக் காட்டிக் கட்டுப்பாடு கூடுகிறது என்கிறது. விற்பவர் வீட்டுத் தராசு அது. உலகக் கோப்பைப் பந்தயக்காரர்கள் காலில் இன்னும் பெரும்பாலும் பக்கிளைத்தான் பார்க்கிறேன்.

என் பாதம் அகலம். டயல் வைத்ததை வாங்கினால் சரியாகுமா?

சரியான அளவை வாங்கினால் சரியாகும். டயல் ஓட்டை மூடும், பெரிதாக்காது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் ஆண்டு ஒரு வாடகைக் கடையில் "வலிக்கிறது" என்றேன். உடனே ஓர் அளவு பெரியதைத் தந்தார்கள். சுகமாக இருந்தது. மலையில் குதிகால் உள்ளே எழும்பியது. அதை அடக்க நான் பக்கிளை இறுக்கினேன். விரல் முன்னே போய் ஓட்டில் முட்டியது. இரண்டு நாளில் நகம் கறுத்தது. பெரிய சப்பாத்து எடுத்ததால் வந்த வலியை இறுக்கமான சப்பாத்தின் வலி என்று நினைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் சறுக்கினேன். அப்போது டயல் இருந்திருந்தால் இன்னும் இலகுவாக, இன்னும் கூடுதலாக இறுக்கியிருப்பேன். டயலில் எனக்கிருக்கும் உண்மையான கவலை அதுதான். கம்பி அறுவதைப் பற்றி நான் அவ்வளவு யோசிப்பதில்லை. அது கையைவிட இலகுவாக இறுக்குகிறதே, அதைத்தான் யோசிக்கிறேன்.

அளவு பார்க்கும் முறை பழையது. லைனரைக் கழற்றி வெளியே எடுங்கள். வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னே மெல்லத் தொடும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் சாதாரணச் சறுக்கலுக்குப் போதும். மூன்று விரல் தாராளமாகப் போனால் அது பெரிய சப்பாத்து. கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நீளம் சென்டிமீட்டரில் சொல்லப்படுகிறது: 26.5 என்றால் பாதம் ஏறத்தாழ 26.5 சென்டிமீட்டர். அகலத்தை 98, 100, 102 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அது பெரும்பாலும் அந்த 26.5 அளவுச் சப்பாத்தில் எடுத்த கணக்கு. உங்கள் அளவு சிறியதென்றால் அகலமும் குறையும். 120, 130 என்று பெரிதாக எழுதியிருக்கும் எண் விறைப்பைக் குறிப்பது. ஒரு நிறுவனத்தின் 110 இன்னொன்றின் 110 அல்ல. கணுக்கால் எலும்பு துருத்தியிருந்தால் ஓட்டைச் சூடாக்கி அந்த இடத்தில் வெளியே தள்ளுவார்கள். டயல் வைத்த ஓட்டிலும் அது முடியும். வழிகாட்டிகள் இருக்கும் இடத்தருகே மட்டும் கவனம் வேண்டும். பழகிய கையிடம் கொடுங்கள்.

இறுக்குவதில் முறை ஏதாவது உண்டா?

உண்டு. காலை விட்டதும் குதிகாலை நிலத்தில் இரண்டு தரம் தட்டிப் பின்னே உட்கார வையுங்கள். முதலில் கணைக்காலில் இருக்கும் பக்கிள்களை லேசாக மூடி, முழங்காலை முன்னே மடித்து அழுத்துங்கள். குதிகால் தன் குழிக்குள் போகும். அதற்குப் பிறகுதான் டயல். பாதத்தை ஒருவர் கைகொடுத்து உறுதியாகப் பிடித்ததுபோல இருக்கும்போது நிறுத்துங்கள். இரண்டு ஓட்டம் முடிந்ததும் லைனர் அமுங்கியிருக்கும். இன்னும் ஒன்றிரண்டு பல் திருகுங்கள். கையுறையைக் கழற்ற வேண்டியதில்லை, டயல் அதற்கேற்ற அளவில்தான் இருக்கிறது.

கால் விறைத்துப் போகிறது. இரண்டு காலுறை போடலாமா?

அம்மாமாரின் கேள்வி இது. பதில்: வேண்டாம். மேற்பாதத்தின் மேலாகத்தான் விரல்களுக்குப் போகும் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அங்கே அழுத்தினால் விரல் முதலில் மரக்கும், பிறகு குளிரும். இரண்டாவது காலுறை அந்த அழுத்தத்தைத்தான் கூட்டும். மடிப்பு விழுந்து தோலையும் உரிக்கும். மெல்லிய, உலர்ந்த, ஒரே ஒரு காலுறை. விரல் மரத்தால் முதலில் டயலை இரண்டு பல் பின்னே திருகுங்கள். இந்த இடத்தில் டயல் பக்கிளை வெல்கிறது: ஒரு பல் அளவு தளர்த்துவது பக்கிளில் அவ்வளவு இலகுவல்ல.

இரவு லைனரை வெளியே எடுத்து உலர விடுங்கள். சப்பாத்தைக் காரில் வைக்காதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் கல்லாகும், காலை நுழைக்க இருவர் வேண்டும். டயல் வைத்ததில் இந்தத் தொல்லை சற்று அதிகம். டயலை விட்ட பிறகும் கம்பி தானாக வெளியே வராது; மடலைக் கையால் இழுத்துக் கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் காலை விட வேண்டும். இதைச் செய்யாமல் "கால் போகவில்லை" என்று திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பழைய சப்பாத்தில் டயலைப் பொருத்தித் தருவார்களா?

மாட்டார்கள். ஓட்டின் மடலே வேறு வடிவம்.

விலை?

அதே தரத்துப் பக்கிள் சப்பாத்தைவிடக் கூடுதல். உங்கள் காலுக்குப் பக்கிள் சப்பாத்து ஏற்கனவே பொருந்தியிருந்தால் மாற்றுவதற்கு ஒரு காரணமும் இல்லை. மேற்பாதத்தில் எப்போதும் ஒரே இடத்தில் குத்தும், பக்கிளை எங்கே வைத்தாலும் அடங்காது என்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். கடைக்குள் இருபது நிமிடம் கட்டியபடி நில்லுங்கள். பொருந்தாத சப்பாத்து பதினைந்தாவது நிமிடத்தில் வாய் திறந்துவிடும்.

பிள்ளைக்கு வாங்கலாமா?

வளரும் பிள்ளைக்கு டயல் தேவையில்லை. அடுத்த ஆண்டு கால் வளர்ந்துவிடும். "இரண்டு வருடம் போடட்டும்" என்று பெரிதாக வாங்குவது நான் மேலே சொன்ன கறுத்த நகத்தில் முடியும். பருவ வாடகைக்கு எடுங்கள். அல்லது இலையுதிர்காலத்தில் ஊரூராக நடக்கும் பழைய சறுக்குச் சாமான் சந்தையில் தேடுங்கள். இரண்டு பக்கிள் போதும், நேராக நிற்கும் ஓடு போதும்.

எதை எடுப்பதானாலும் கடைக்குப் பின்னேரம் போங்கள். நாள் முழுதும் நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். மெல்லிய காலுறை ஒன்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.